திருத்தணியில் கொடுத்த முடி

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மரியாதைக்காக இல்லை. பெயர் வெளியே தெரிந்தால் நான் எழுதுவதையே வெட்டி, கீழே போன் நம்பர் போட்டு, ஸ்டேட்டஸில் வைத்துவிடுவாள். திட்டினாலும் அவளுக்கு விளம்பரம்தான். அப்படி ஒரு பிறவி.

என் புருஷன் உயிருக்காக நான் முருகனுக்குக் கொடுத்த முடியை ஊருக்கு விற்றவள் அவள். அவளைப் பற்றி இந்த ஒரு வரி போதும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். போதவில்லை. நெஞ்சு ஆறமாட்டேன் என்கிறது.

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பின்னால் இருக்கிற தெருவில், கீழ்ப் போர்ஷனில் நாங்கள், மாடியில் அவள். ஓனர் கொரட்டூரில் இருந்தார், வாடகைக்கு மட்டும் முகம் காட்டுவார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டையில் எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே காலர் கோணல் என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவது என் வேலை. அதனால் மனுஷரிடமும் எனக்குக் குறைதான் முதலில் கண்ணில் படுகிறது என்று என் புருஷன் கேலி செய்வார். இருக்கட்டும். இவள் மேல் ஒட்ட ஆரம்பித்தால் கம்பெனியில் இருக்கிற ஸ்டிக்கர் முழுக்கத் தீர்ந்துபோகும்.

ஆள் குள்ளம், உருண்டை முகம், தலை நிறையப் பூ. வலது கை எப்போதும் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும், கையில் போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குரல் இரண்டு வைத்திருந்தாள். படிக்கட்டில் நின்று பேசுவது ஒன்று. போனைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று, அதில் சர்க்கரைப் பாகு ஒழுகும். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் அதில் "தங்கம்" ஆகிவிடுவார்கள்.

ஊரடங்கில் அவள் புருஷனின் வேன் ஓடாமல் வாசலில் நின்றபோது ஆரம்பித்தாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு மூட்டை நைட்டி எடுத்து வந்து போட்டோ போட்டு விற்றாள். பொம்மைக்கு மாட்டிக் காட்ட அவளிடம் பொம்மை இல்லை. அந்தப் பொம்மை நான்தான்.

"யக்கா, இத்த ஒரு நிமிசம் போட்டுக்கோயேன். உன் கலருக்கு இன்னாமா எடுப்பா கீது பாரு."

போட்டுக்கொண்டு நின்றேன். முன்னால், பின்னால், கையைத் தூக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி. கடைசியில் எனக்குத்தான் தரப்போகிறாள் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "கயட்டிக் குடு யக்கா, திருநெல்வேலி பார்சல் இன்னிக்கே போவணும்" என்றாள். நான் உடுத்தி அவிழ்த்த நைட்டியை என் கண் முன்னாலேயே மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள். "இன்னாமே இது?" என்றேன். "கசங்கவே இல்லியே யக்கா" என்றாள்.

அவளிடம் ஒரு வாக்கு உண்டு. தேங்காய் ஓட்டைக் குப்பையில் போட்டாலும், பழைய புடவையைக் கிழித்தாலும், யாராவது அழுதாலும்கூட அதைத்தான் சொல்வாள்: "எதையும் கீய போட்டுடாத. எல்லாத்துக்கும் வாங்கறவ ஒருத்தி எங்கியோ கீறா."

மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நாங்கள் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தலைக்கு மேல் ஒரு பார்சலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஊரே முங்கினாலும் உங்க ஆர்டர் முங்காது தங்கங்களே" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பார்சலுக்குள் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிடப் போனபோது அந்தக் காலிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டில் குழந்தை பிறந்தபோது கொசுவலை வைத்த குட்டி மெத்தை ஒன்றோடு பார்க்கப் போனாள். அந்தப் பெண் பூரித்துப்போய்க் குழந்தையை அதில் கிடத்தினாள். இவள் படம் எடுத்தாள். குழந்தை கொட்டாவி விட்டது, அதையும் எடுத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, மெத்தையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படியேறிவிட்டாள். "உனுக்கு வேற கலர் எடுத்தாறேன் தங்கம்." அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வேறு கலர் வரவில்லை.

சொந்த அத்தை செத்ததற்குக்கூட அவள் சும்மா அழுதவள் இல்லை. கருமாதி முடிந்து வந்த மறுநாளே, "அத்தை தன் கையால் போட்ட கடைசி ஊறுகாய், கொஞ்சம்தான் இருக்கிறது" என்று ஸ்டேட்டஸ். எலுமிச்சங்காயை ஆவடி மார்க்கெட்டில் மூட்டையாக இவள் பேரம் பேசியதை நான் பார்த்தேன். அடுத்த ஆடி வந்தும் அந்தக் கடைசி ஊறுகாய் தீரவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் அவளோடு பழகினேனா என்றால், பழகினேன். மேலும் கீழும் இருக்கிறவர்கள் முகத்தை எத்தனை நாள் திருப்பிக்கொண்டு போவது? அதோடு, சிரிக்க வைப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

என் புருஷன் பாடியில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது மேம்பாலத்துக்குக் கீழே லாரி உரசி வண்டியோடு விழுந்தார். தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் குழாயாகச் செருகிப் படுக்கவைத்திருந்தார்கள். நினைவு வருமா என்று கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்மா" என்பார். என் சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் வைத்தார்கள், போனார்கள். அவள் தினமும் வந்தாள். பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து, வராந்தாவில் என்னை உட்காரவைத்துக் குடிக்கச் செய்தாள். என் தலையைப் பின்னிவிட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி எனக்கு. பார்ப்பாரில்லாமல் சிக்குப் பிடித்துக் கிடந்தது.

அவள் பின்னிக்கொண்டிருந்தபோதுதான் வேண்டிக்கொண்டேன். முருகா, இந்த ஆளை எழுப்பிக் கொடு, இந்த முடியை வேரோடு உனக்குக் கொடுக்கிறேன் என்று. வாய்விட்டே சொன்னேன். அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. "சாமி கேட்டுக்குவாரு யக்கா" என்றாள்.

கேட்டுக்கொண்டார். என் புருஷன் கண் விழித்தார். பேச்சு மட்டும் மெதுவாகத்தான் வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் ஆள் முழுசாக வீட்டுக்கு வந்தார்.

திருத்தணிக்கு ஆவடியில் ரயில் ஏறினோம். அவரை மலையேற வைக்க முடியாது என்று என் அக்காவிடம் விட்டுவிட்டு, துணைக்கு இவளை அழைத்துப் போனேன். நானேதான் அழைத்தேன். மொட்டை அடித்து, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு, சன்னதியில் நின்றபோது என் மனசு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கடன் தீர்ந்த தலை. காற்றுப் பட்டால் சிலுசிலுவென்றது. ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இப்டி வந்து செவுத்தாண்ட நில்லு யக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அண்ணாத்தே பாக்கட்டும்."

நின்றேன். அவள் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து என் தலையைத் துடைத்தாள்.

"சந்தனம் காஞ்சி உரியுது. அசிங்கமா கீது. ஊட்டுக்குப் போயி புச்சா பூசிக்கலாம்."

பிறகு போனைத் தூக்கியவள் இறக்கிவிட்டாள். "சிரிக்காத யக்கா. சாமிக்குக் குடுத்துட்டு வந்து பல்ல காட்டிகினு நின்னா நல்லாவா கீது? கொஞ்சம் தலய குனிஞ்சிக்கோ. ஆங்... அப்டியே கண்ண மட்டும் தூக்கு."

சாமி விஷயம், அவளுக்குத் தெரியும்போல என்று நினைத்துக் குனிந்தேன்.

அப்புறம் மாதாமாதம் வந்து ஒரு படம் எடுப்பாள். அதே சுவர் நிறம் வேண்டும் என்று எங்கள் சமையலறைச் சுவருக்குப் பக்கத்தில்தான் நிற்கவைப்பாள். முள் முள்ளாக வந்தபோது, காதை மூடியபோது, கழுத்தைத் தொட்டபோது. "எப்டி வளந்துகினு வருது பாரேன், நாளிக்கி நீயே பாத்து சந்தோசப்படுவ." ஒரு பாட்டில் எண்ணெய்கூடக் கொடுத்தாள். அப்போது அவள் நைட்டியை விட்டுக் கூந்தல் தைலத்துக்கு மாறியிருந்தாள். கொல்லிமலை மூலிகை என்று எழுதியிருக்கும். மொட்டைமாடியில் அவள் காய்ச்சுகிற எண்ணெயில் கொதிப்பது எங்கள் வாசல் செம்பருத்தியும் எதிர்வீட்டுக் கறிவேப்பிலையும். வாடை தாங்காமல் அந்தப் பாட்டிலை வாசல் கேட்டுத் தாழ்ப்பாளுக்கு ஊற்றினேன். என் தலைக்கு எப்போதும்போலத் தேங்காயெண்ணெய்தான்.

முடி தோளைத் தாண்டி இறங்கிய சமயம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் நசரத்பேட்டைப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள்.

"யக்கோவ், இது நீதானே? உனுக்கு இன்னா நோவு? எங்களாண்ட சொல்லவே இல்லியே?"

திருத்தணி ஸ்டேஷன் சுவர். துடைத்த தலை. குனிந்த முகம், தூக்கிய கண். யார் பார்த்தாலும் இவள் பிழைக்க மாட்டாள் என்றுதான் சொல்வார்கள். மேலே எழுத்து: எமனோடு போராடி மீண்ட என் அக்கா. அடுத்து முள்முடி, காது, கழுத்து, தோள். டாக்டர்களே கைவிட்ட தலை என்று ஒரு எழுத்து, கூடவே அழுகிற மாதிரி ஒரு பாட்டு. கடைசியில் பாட்டில்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு எத்தனை சட்டையில் குறையே பார்க்காமல் தள்ளிவிட்டேனோ தெரியாது.

எனக்கு மானம் போனதுகூடப் பெரிசில்லை. ஊர் நாலு நாள் பேசும், அப்புறம் வேறு ஆளைப் பிடிக்கும். என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. அந்த முடிக்கும் என் புருஷன் உயிருக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. கொடுத்தேன், கொடுத்தார். இப்போது ஊரெல்லாம் அது நோயில் கொட்டிய முடி என்றால், நான் கொடுத்தது எங்கே போயிற்று? கொடுக்கவே இல்லை என்று ஆகிவிடாதா? படித்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளட்டும். குழாய் செருகிய புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

மாடியேறினேன். பார்சல் மலைக்கு நடுவில் உட்கார்ந்து டேப் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது? எனுக்கு எப்ப வந்துச்சி நோவு? எவன் கைவுட்டான் என் தலய?"

அவள் பதறவில்லை. பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தாள்.

"எமனோட போராடினது பொய்யா யக்கா? அண்ணாத்தே போராடல? டாக்டர் கைவிரிக்கல? அத்தத்தான் கொஞ்சம் சுருக்கிப் போட்டேன். ரீல்ஸ்ல எவ்ளோதான் எய்த முடியும்?"

"அது சாமிக்குக் குடுத்த முடி."

"சாமி எடுத்துகினது முடிய. நான் எடுத்துகினது போட்டோவ. அவருக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

இப்படிப் பதில் சொல்கிறவளிடம் என்ன பேசுவது? "எட்த்துடு" என்று மட்டும் சொன்னேன். உடனே என் கண் முன்னாலேயே எடுத்தாள். "போதுமா? ஒரு தாய் புள்ளையா பழகிகினு கீறோம், இதுக்குப் போயி..." என்று கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் திரும்பப் போட்டாள். என் கண் இருக்கிற இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ ஒட்டியிருந்தது. என் அடையாளத்தை மறைத்துவிட்டாளாம்.

என் புருஷனிடம் சொல்லிச் சண்டைக்கு இழுத்தேன். அவர் யோசித்து யோசித்து, "உடு மே. அந்தப் பொண்ணு... கஞ்சி கொணாந்துச்சி" என்றார்.

அதுதான் அவள் ஆயுதம். நானும் அந்தக் கஞ்சியை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்கைத் திறந்தபோதே இவள் மனசில் பாட்டில் இருந்ததா, இல்லை நிஜமாகவே எனக்காக வந்தவளுக்கு என் வேண்டுதலைக் கேட்டபிறகுதான் புத்தி அப்படிப் போயிற்றா? இரண்டில் எது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும். நிஜமாகவே எனக்காக வந்திருந்தால் அது இன்னும் மோசம். அன்பாகப் பின்னிவிட்ட கையாலேயே விலைச்சீட்டும் ஒட்டியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. டீ குடித்துக்கொண்டிருந்த என் புருஷன் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. கண் மேலே செருகி, கை கால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு வரும், மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரை விட்டுப்போயிருந்தது உண்மைதான். டாக்டர் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கும். ஆனால் எனக்குக் காரணம் தெரியும். மேலே இருக்கிறவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்: எங்கே நீ கொடுத்தது?

ஆஸ்பத்திரியிலிருந்து என் புருஷன் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மாடியில் அவள் லைவ் ஆரம்பிக்கிற குரல் கேட்டது. "வணக்கம் தங்கங்களே, எல்லாரும் சாப்பிட்டீங்களா?" நான் செருப்புக்கூடப் போடாமல் ஏறினேன். வட்ட விளக்கு, ஸ்டாண்டில் போன், அவள் பின்னால் அடுக்கிய பாட்டில். நடுவில் போய் நின்றேன்.

"நான்தான் அந்தப் போட்டோவுல கீறவ. எனுக்கு ஒரு நோவும் இல்ல. என் புருசன் உசுருக்காக திருத்தணியில மொட்ட போட்டேன். இவ எண்ணெய ஒரு சொட்டு என் தலயில வெச்சதில்ல. கேட்டு தாப்பாளுக்குத்தான் ஊத்தனேன். நம்பி வாங்காதீங்க."

சொல்லிவிட்டேன். முருகா, கேட்டுக்கொள், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன் என்று இருந்தது.

அவள் எழுந்து வந்து என் தோளில் கை போட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்கிருந்து வரும் அவ்வளவு சீக்கிரம்?

"பாத்தீங்களா தங்கங்களே? இதான் எங்க அக்கா. எவ்வளவு வெள்ளந்தி மனசு! அவங்க பட்ட வேதனையைக்கூட வெளிய சொல்லிக்க மாட்டாங்க. எல்லாப் பெருமையையும் முருகன் காலடியில வெச்சிட்டாங்க. நானும் அவன் அருள்னுதான் சொல்றேன். அருளும் வேணும், எண்ணெயும் வேணும், இல்லையா? பேச்சை விடுங்க. முடியைப் பாருங்க."

என் பின்னலை எடுத்து விரித்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். நான் தலையை வெடுக்கென்று இழுத்தேன். "இழுத்தாக்கூட ஒண்ணு உதிரல பாருங்க" என்றாள். திரையில் எழுத்து மழையாகப் பொழிந்தது. எனக்கு ரெண்டு பாட்டில், எனக்கு மூணு. தாழ்ப்பாள் துருகூடப் போகுமா என்று ஒருத்தி கேட்டாள். "போகும் தங்கம்" என்றாள் இவள்.

அன்றைக்கு அவள் எண்ணெய் போன மாதிரி அதற்கு முன் போனதே இல்லை. என் கோபத்தையும் விற்றாயிற்று.

மறுவாரம் திருத்தணி போனேன். இந்தத் தடவை என் புருஷனும் கூட வந்தார். ஆட்டோ வைத்து மலையேறினோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டோம். அவருக்கு இஷ்டமில்லை, "அதான்... ஒரு தபா... குடுத்துட்டியே" என்றார். குடுத்தது கோணலாகப் போய்விட்டது, திரும்பக் கொடுக்க வேண்டும் என்றேன். கத்தி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, முருகா, முதல்ல குடுத்தது எங்க போச்சுன்னு தெரியல, இது உனுக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மலையிலிருந்து இறங்கும்போது மனசு லேசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது அவள் மேலே நின்று பார்த்தாள். அப்பாடா, இனிமேல் இவளுக்குக் காட்ட முடி இல்லை, அடங்குவாள் என்று நினைத்தேன். விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கதவு தட்டினாள்.

கையில் ஒரு புது பாட்டில். போன் இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"யக்கா, நான் ரொம்ப யோசிச்சேன். நீ சொன்னது நாயம்தான். தப்பு என் மேலதான். பொய் சொல்லிட்டேன்."

என் புருஷன் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அதனால இந்த வாட்டி பொய்யே வோணாம். இன்னியிலேர்ந்து நெஜமாவே தேய்ப்போம். டெய்லி நானே வந்து தேய்ச்சி உடறேன். வீடியோவே எடுத்துடலாம், மொத நாள்லேர்ந்து. சாமிக்குக் குடுத்ததுன்னே சொல்லிடலாம், மறைக்கவே வோணாம். நீ கேட்டது அதானே யக்கா?"

அவள் கேலி செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனசார, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் திரும்பக் கொடுத்துவிட்டு வந்த முடி தரையில் விழுந்து ஒரு பொழுது ஆகவில்லை, அதற்குள் அடுத்த முடிக்கு வந்து நிற்கிறாள்.

"மேல போ" என்றேன். "இன்னொரு வார்த்த பேசினா இன்னா பண்ணுவன்னு எனுக்கே தெர்யாது. மேல போ."

"கோவத்துல கீற. யோசிச்சி சொல்லு யக்கா" என்று பாட்டிலைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள்.

முடி வளரத்தான் செய்யும். தலை என்றால் அதன் குணம் அது. கொஞ்ச நாளில் முள் முள்ளாக எட்டிப் பார்த்தது. நான் துணி உலர்த்தும்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு என் தலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வயல்காரன் நாற்றைப் பார்க்கிற மாதிரி. பார்த்துக்கொண்டே, "நல்லா வருது யக்கா" என்பாள். என் தலையில் என் முடி வளர்வதைக் கண்டு எனக்கே உடம்பு கூசியது. ஆவடி கடைத்தெருவில் முடி வெட்டுகிற மிஷின் ஒன்று வாங்கிவந்து, அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

திரும்ப வந்தது. திரும்ப எடுத்தேன்.

அவள் இப்போது எங்கள் மாடியில் இல்லை. தொழில் பெருத்துவிட்டது. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஹைவே ஓரத்தில் கொட்டகை எடுத்திருக்கிறாளாம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பார்சல் கட்டுகிறார்களாம், வாசலில் கூரியர் வண்டி நிற்கிறதாம். என் படத்தை எப்போதோ விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு தலைகள் கிடைத்துவிட்டன. மாடியில் ஐடி கம்பெனிப் பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினைப் போட்டேன். என் புருஷன் வந்து நின்றார். வலிப்பு அப்புறம் வரவில்லை, பேச்சும் இப்போது எவ்வளவோ தேவலை.

"மொத மொட்ட எனக்காவ போட்ட. அடுத்தது அந்த மொட்ட கோணலா போச்சின்னு போட்ட. சரி. இது யாருக்கு மே?"

பொய் சொல்லியிருக்கலாம். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று கம்பெனியில் சொல்கிற மாதிரி.

"அவளுக்குத்தான்" என்றேன். "வளந்தா அவ ஞாபகம் வருது. அவளுக்கு ஒரு மயிரும் கிடைக்கக் கூடாது."

அவர் மிஷினை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினார்.

"சாமிக்கே நீ ரெண்டு தபாதான் குடுத்தே" என்றார்.